பயணச்சீட்டு இல்லாதவன்

டௌகவ்பில்ஸ் நகரத்தின் மூன்றாம் எண் டிராமில்
முப்பத்தோராண்டாகச் சீட்டுப் பரிசோதகர் டெக்லா.
அவள் ஏறினால் பெட்டியில் இருமல்கூட அடங்கும்.
பழைய சீட்டை நனைத்து நீட்டுபவன்,
தலையணை கட்டிக் கர்ப்பிணியாய் வருபவள்,
செத்த அண்ணனின் சலுகை அட்டையில் போகிறவன்,
எல்லாரையும் பார்த்தாயிற்று.
கை நீட்டுவாள். "காட்டு."
அவ்வளவுதான் பேச்சு.

இந்த ஜனவரியில் இடப்பக்க விலாவில்,
முதுகெலும்பில் தொடங்கி மார்புக்கடியில் முடிகிற
அரைப்பட்டை நெருப்பு.
சட்டை உரசினாலே சுள்ளென்கிறது.
தமிழில் அக்கி என்போம்.
கொப்புளங்களைப் பார்த்த மருத்துவர் கேட்டார்:
"சின்ன வயதில் அம்மை போட்டதா?"
"ஆறு வயதில்."
"அன்று ஏறியவன்தான். இறங்கவேயில்லை."

உடம்பிலும் உண்டாம் பரிசோதனை.
ஒவ்வொரு செல்லும் உள்ளே சமைப்பதில் ஒரு துணுக்கை
வெளியே ஏந்தி நிற்க வேண்டும்.
டி செல் வந்து முகரும்.
நம் வீட்டுச் சமையலென்றால் நகர்ந்துவிடும்.
அந்நிய வாடையென்றால்
வீட்டோடு சேர்த்துக் கொளுத்தும்.
வைரஸ் அறியும் இதை.
அறியும் என்பதும் தப்பு:
அறியாமல் மாண்டவை கோடி,
தற்செயலாய்த் தப்பியதன் பிள்ளைகள் இவை.
ஏந்திய கையை உள்ளிருந்தே கீழே இழுத்துவிடும்.
வெறுங்கையைக் கண்டால் கொல்ல
வேறொரு காவல், இயற்கைக் கொல்லி என்று பெயர்.
அதை ஏய்க்க, இவனுடைய பங்காளி வைரஸ் ஒன்று
போலிச் சீட்டே அச்சடித்து வைத்திருக்கிறது.

டெக்லா சிரித்தாள். விலா பிடுங்கியது.

இவனோ தோலில் ஆடிய ஆட்டம் முடிந்ததும்
நரம்பிழை வழியே பின்வாசலில் ஏறி
தண்டுவடத்தருகே ஒரு முடிச்சில்
விளக்கணைத்துப் படுத்தான்.
அடுப்பில்லை, புகையில்லை, வாடையில்லை.
நரம்பு செல் செத்தால் இன்னொன்று முளைக்காது.
அதனால் வாசற்காவலும்
வாளை உறையிலேயே வைத்துக்கொண்டு
ஐம்பத்தைந்து குளிர்காலம் விழித்திருந்தது:
தூங்கு, எழுந்துவிடாதே.
காவலுக்கும் வயதாகுமே.
எந்த ராத்திரி கண்ணயர்ந்ததோ.

ஏழு நாள் மாத்திரை.
அவன் தன்னை நகலெடுக்கும் வரியில்
ஓர் உடைந்த எழுத்தைச் செருகும்; வரி அங்கேயே நிற்கும்.
மிச்சமிருப்பவன் மறுபடி முடிச்சுக்குள் போய்ப் படுப்பான்.
"முழுசாகத் துரத்த முடியாதா?"
மருத்துவர் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் இரவு, தூக்கமில்லை.
எப்போதோ பார்த்த ஒரு பையன் ஞாபகத்துக்கு வருகிறான்.
மைனஸ் இருபத்திரண்டு. கடைசி டிராம். பின் இருக்கை.
காலணிக்குள் செய்தித்தாள் திணித்து
வாய் திறந்து உறங்கினான்.
நீட்டப்போன கையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
பணிமனை வரை அவனெதிரே உட்கார்ந்து வந்தாள்.
அபராதப் புத்தகத்தில்
அந்த இரவுக்கு ஒரு வரியும் இல்லை.

வெளியே முதல் டிராம் வளைவில் கிறீச்சிடுகிறது.
இருட்டில் அவள் கை
விலாவுக்கு ஒரு விரற்கடை மேலே,
தொடாமல், நீண்டபடி.