மீதி சுழியல்ல

கயானி ரயில் பணிமனையில்
சமிக்ஞைப் பெட்டிகளுக்குப் பின்னால்
கழித்துப்போட்ட கணினி ஒன்று ஓடுகிறது.
அதன் முதுகில் என் கையுறைகள் காயும்.
வெளியே கழித்தல் முப்பத்தொன்று.
உள்ளே பெருக்கல்.

அது சோதிக்கும் எண்ணை எழுதினால்
மூன்று கோடி இலக்கம்.
கணினிக்குத் தெரிந்த இரண்டே குறிகளில் எழுதினால்
ஒன்று, ஒன்று, ஒன்று என்று
பத்துக் கோடி ஒன்றுகள்.
நடுவே மூச்சுவிட ஒரு சுழிகூடக் கிடையாது.

பகா எண்தானா என்று கேட்கும் முறை எளிது.
நான்கில் தொடங்கு.
தன்னைத் தன்னால் பெருக்கு, இரண்டைக் கழி,
எண்ணை மிஞ்சினால் அதால் வகுத்து
மீதியை மட்டும் வைத்துக்கொள்.
மறுபடி.
மறுபடி.
கடைசியில் சுழி வந்தால் பகா எண்.

சரக்கு வண்டி தாமதித்த ஓர் இரவில்
கால அட்டவணையின் பின்பக்கம்
நூற்றிருபத்தேழுக்குப் போட்டுப் பார்த்தேன்:
நான்கு. பதினான்கு. அறுபத்தேழு.
நாற்பத்திரண்டு. நூற்றுப்பதினொன்று.
சுழி.
எழுந்து நின்றுவிட்டேன்.
என்னையும் பென்சிலையும் தவிர
அறையில் யாருமில்லை.

அதற்கு ஐந்தே படி. இதற்குப் பத்துக் கோடி.

"இதனால் என்ன பயன்?" என்றான் தவ்னோ.
"கையுறை காய்கிறது" என்றேன்.

ஐம்பத்திரண்டாம் நாள் விடியுமுன் திரையில் பதில்:
மீதி சுழியல்ல.

ஆக, அது உடையும்.
எங்கோ இரண்டு எண்கள் உண்டு,
பெருக்கினால் இதுவே வரும்.
எவை என்று சோதனை சொல்லாது.
தண்டவாளம் முறிந்தால் ரிலே விழும்;
எந்தக் கட்டைக்கு மேலே என்று சொல்லாது.
அப்போது நான் டார்ச்சோடு நடப்பேன்,
பனியை உதைத்து உதைத்துப் பார்த்தபடி.
இங்கே நடக்க முடியாது.
என் ஆயுளோடு இந்த ஊரில்
இனிப் பிறப்பவர்கள் ஆயுளையெல்லாம் சேர்த்தாலும்
முதல் மைல்கல்கூட வராது.

இயந்திரமும் பொய் சொல்லும்.
நினைவகத்தில் ஒரு துளி பிசகினால் போதும்.
அதனால் வேறெங்கோ வேறொருவர்
முதலிலிருந்து செய்து பார்க்க வேண்டும்.

ஜூனில், இரவே இல்லாத ஒரு வாரத்தில்,
ஒற்றை வரி வந்தது.
மொந்தேவிதேயோவில் நெல்சன் எச்செகோயன் என்பவர்
அதே எண்ணை முடித்திருக்கிறார்.
அவருக்கும் சுழியல்ல.
மீதியின் கடைசிப் பதினாறு இலக்கங்களை
விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன்.
எல்லாம் ஒன்றே.

எதற்கும் உதவாத ஒரு மீதி.
பூமியில் இரண்டே பேர்
தனித்தனியே போய்ச் சேர்ந்த இடம்.
அங்கே அது குளிர்காலம்.
அவர் கணினியின் முதுகில்
என்ன காயவைத்தாரோ.

அடுத்த எண்ணை ஏற்றினேன்.
நான்கு.
பதினான்கு.
நூற்றுத் தொண்ணூற்று நான்கு.