நாலரை மீட்டர்

பெய்ப்சி ஏரி உறைந்து ஆறு வாரம்.
முஸ்த்வே கரையை விட்டு அரை மணி நடந்து வந்தால்
பனிக்கட்டிமேல் ஒரு பால்கறக்கும் முக்காலி,
முக்காலிமேல் பேட்டரி விளக்கு,
பக்கத்தில் நான்.

பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே
ஒரே தொலைநோக்கியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தபடி
என் கணவனும் என் தம்பியும்.
அவனுக்கு உலகம் உருண்டை.
இவனுக்குத் தட்டை.
ஒன்பது வருஷமாகக் கிறிஸ்துமஸ் மேசையில்
வாத்துக்கறி ஆறிப்போகிறது.

ஆர்வெத் நில அளவைக்காரன்.
கணக்கைத் தாளில் எழுதி என் கையுறைக்குள் செருகியிருந்தான்:
கண் ஒரு மீட்டர் உயரத்தில்,
விளக்கு ஒரு மீட்டர் உயரத்தில்,
இந்தத் தொலைவுக்குப் பார்வைக் கோட்டின் அடியில்
நாலரை மீட்டர் ஆழத்தில்
நான் மறைந்திருப்பேனாம்.

மறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.
கால்விரல் மரத்திருந்தது. மூக்கு ஒழுகியது.

சறுக்குவண்டியில் தூண்டிலும் வலையும் இழுத்துவந்த
வெங்காயத் தோட்டத்து ஃபியோதர் நின்று கேட்டார்,
யாருக்குக் காத்திருக்கிறாய்?
உலகம் வளைகிறதா என்று பார்க்கிறோம், என்றேன்.
வளைந்தால் சொல்லியனுப்பு,
வீட்டுக்குப் போகிற வழி
இறக்கமாக இருந்தால் நல்லது, என்று
மூச்சுப் புகைய நகர்ந்தார்.

பிறகு போன்.
தோய்வோவின் கூச்சலில் காது கூசியது:
தெரியுது உர்வே! ஆரஞ்சாய், தெளிவாய்,
கையெட்டும் தூரத்தில் தெரியுது!

பின்னால் ஆர்வெத்தின் குரல், தணிந்து:
குளிர்ந்த காற்று கனத்துப்போய்
பனியோடு பனியாய்ப் படுத்திருக்கிறது,
அதன் முதுகைத் தடவிக்கொண்டு ஒளி வளைந்து வருகிறது.
ஓகோ,
உங்கள் உருண்டையைக் காப்பாற்ற
இப்போது ஒளியே வளைய வேண்டியதாயிற்றா?

பிடித்த முயலுக்கு மூன்றே கால்.
அந்தக் கரையில் அன்றைக்கு
இரண்டு முயல்.

தோய்வோவை முட்டாள் என்கிறவர்களுக்குத் தெரியாது.
பதினாறு வயதில், லாரியில் எடுபிடியாய்,
அரசாங்கம் அச்சிட்ட வரைபடத்தை மடியில் விரித்துப்
பாலம் தேடிப் போனான்.
பாலம் இருந்த இடத்தில் சதுப்பு.
இரவெல்லாம் டயர் பாதி முங்க உட்கார்ந்திருந்தான்.
அச்சுப் பிழை இல்லை அது,
எதிரி குழம்பட்டும் என்று
வேண்டுமென்றே தள்ளி வரைந்தது என்பது
கொடி மாறிய பிறகுதான் வெளியே வந்தது.
ஒரு பாலத்தை நகர்த்தத் தெரிந்தவனுக்கு
பூமியை உருட்ட எத்தனை நேரம் ஆகும், என்பான்.
ஆர்வெத்தின் தாளில்
இதற்கு வாய்பாடு இல்லை.
நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

மூன்று மணி வாக்கில் தெற்கிலிருந்து காற்று.
பனித்தூள் கணுக்காலில் பாம்பாய் ஓடியது.
மறுபடி போன், இம்முறை ஆர்வெத்:
விளக்கு நீள்கிறது...
இரண்டாகிறது, ஒன்று தலைகீழாய்...
போய்விட்டது.

பேட்டரி! என்றான் தோய்வோ. பேட்டரி செத்திருக்கும்,
விளக்கைப் பார் உர்வே!

பார்த்தேன்.
கண் கூச எரிந்துகொண்டிருந்தது.
எரியுது, என்றேன்.

நெடுநேரம் காற்று மட்டும் பேசியது.
அப்புறம், சின்ன வயதுக் குரலில்:
நீ அங்கேதானே இருக்கிறாய்?
இருக்கிறேன்.
நகரவில்லையே?
நகரவில்லை.
எனக்குத் தெரியவில்லையே, என்றான்.
வெற்றி பெற்றவன் ஒரு வார்த்தை பேசவில்லை,
அதற்காக அவனை அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாய்ப் பிடித்திருந்தது.

விளக்கைத் தூக்கித் தலைக்குமேல் பிடித்தேன்.
நுனிக்காலில் நின்றேன்.
முக்காலிமேல் ஏறவும் பார்த்தேன், வழுக்கியது.

தம்பிக்குத் தெரிய
இன்னும் மூன்றரை மீட்டர் வேண்டியிருந்தது.