பதினொன்றரை

அம்முண்டி சர்க்கரை ஆலையில்
எடை மேடைக்கு உட்கார்ந்திருக்கிறவன் நான்.
கரும்போடு வரும் டிராக்டரை ஒருமுறை நிறுப்பேன்,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னொருமுறை.
முன்னதில் பின்னதைக் கழித்தால் வருவதற்குத்தான் பணம்.

இந்தப் புத்தியோடுதான்
சனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை
சித்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்
நோட்டைத் திறந்தேன்.
"போன வருசம் எத்தனைன்னு எழுதின?"
"இருபத்தி நாலு."
"படிச்சது?"
"ஒன்பது. அதுல ஒண்ணு ஊறுகாய் போடறது எப்படி."

சிரித்தார்கள்.
சிரித்தவர்கள் கணக்கும் எனக்குத் தெரியும்.
தபசும் முப்பது என்று எழுதி முப்பத்தொன்று முடித்தவள்;
டிசம்பர் கடைசி வாரத்தில்
நாற்பது பக்கம் தாண்டாத ஒல்லிகளாய்
ஆறு பொறுக்கியதை
இரண்டாவது பஜ்ஜிக்குப் பிறகு ஒப்புக்கொண்டாள்.
கோட்டீஸ்வரி எண்ணே போடமாட்டாள்.
"இன்னாபா இது, சீட்டுக் கட்டற மாதிரி கீது."
ஆனால் ஆற்காட்டில் அவள் வீட்டுத் தையல் மிஷின்மேல்
தலையணை கனத்தில் ஏழெட்டு,
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

முனிரத்தினம் எதுவும் சொல்லவில்லை.
பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து
டம்ளர் ஈரம் படாத இடமாய்ப் பார்த்து வைத்தான்.
"நீ படி. நல்லா இருக்கும்."
நல்லா இருந்தது என்று சொல்லவில்லை.
அப்போது அது என் காதில் விழவில்லை.

அரவை முடியும்வரை மேடை அறை டிராயரில் கிடந்தது,
ரசீதுக் கட்டுகளுக்கு அடியில்.
கடைசி வண்டி போன மறுநாள்
வெயிலுக்கு வாசலில் தார் இளக
எடுத்துப் பிரித்தேன்.
ஒரு லாரி, மூன்று மாநிலம், ஒரு பொய்.
பொய் சொன்ன டிரைவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
ஓர் அட்டை இருந்தது.
பெரிய ஆஸ்பத்திரியில்
நோயாளியோடு தங்குகிறவருக்குத் தருவார்களே, அது.
உறவு என்ற இடத்தில்: அண்ணன்.
தினம் ஒரு முத்திரையாகப் பதினொரு கட்டம்.
பன்னிரண்டாவது வெறுமனே இருந்தது.

அதுவரை பக்கமெல்லாம் காது மடிந்து,
ஓரங்களில் காப்பிக்கறை.
அதற்கப்புறம்
கடையில் வாங்கியபடி,
ஒட்டிக்கொண்டு, புது வாசனையோடு.

அன்றைக்கு அதற்குமேல் படிக்கவில்லை.
ஆளில்லாத மேடையில் ஏறி
புத்தகத்தோடு நின்றேன், திரையில் அறுபது.
அதை நாற்காலியில் வைத்துவிட்டு நின்றேன், அறுபது.
இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும்
இந்த மேடை கண்டுகொள்ளாது.

பிறகு ஐந்து நாள்.
ஒட்டியிருந்த தாள்களை
ஒவ்வொன்றாய் நகத்தால் பிரித்துப் பிரித்து.

சூன் மாதக் கூட்டத்தில்
எல்லாருக்கும் முன்னால் வந்திருந்தான்.
"முடிச்சிட்டியா?"
"ம்."
டீயைக் கையிலேயே வைத்திருந்தான்.
"அந்த டிரைவர்
ஊடு போய்ச் சேந்தானா?"

சொன்னேன். அரைமணி நேரம் ஆயிற்று.
இடையில் வந்த தபசும்
முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு
ரோட்டைத் தாண்டி எதிர்க்கடை நிழலுக்கே போய்விட்டாள்,
அடுத்து அவள் பட்டியலில் அதுதான்.
அவன் டீயில் ஆடை கட்டியிருந்தது.
"சரி," என்றான்,
"சரி. அப்படித்தான் இருக்கணும்."

"இதை யார் கணக்குல எழுதறது?"
கேட்டது, எண்ணே போடாத கோட்டீஸ்வரி.
"பாதி பாதி," என்றான் முனிரத்தினம்.

வருசம் முடிந்து
நோட்டில் பதினொன்றரை என்று நிற்கிறது.
குறி இருபது. கேலிக்குக் குறைவில்லை.
அரை எப்படி வந்தது என்று
என்னைக் கேட்காதீர்கள்.
புத்தகத்தை அட்டையோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன்,
இருந்த பக்கத்திலேயே வைத்து.

நேற்று ராத்திரி போன் வந்தது.
நூற்று நாற்பத்து நான்கில் இருக்கிறானாம்.