இடது கதவின் மோட்டார்

டிசம்பர் கடைசி வாரம், முனீர்க்கா சிக்னலில்
ஓட்டுநர் பக்கக் கண்ணாடி
டொக்கென்று கதவுக்குள் விழுந்தது.
உண்டியலில் போட்ட காசு மாதிரி
இருக்கிறது, எடுக்க முடியாது.
எட்டு டிகிரிக் குளிர் காதோரம் ஏறிக்கொண்டு
வசந்த் குஞ்ச் வரை கூடவே வந்தது.

ஜஸ்பீர் கதவைத் தட்டிப் பார்த்தான்,
பல் வைத்தியர் தட்டுவதுபோல.
நாலாயிரத்து ஐந்நூறு என்றான்.
அப்புறம் ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தான்.
மார்ச் பத்தொன்பதோடு பதினைந்து வருஷம்.
அதற்குப் பிறகு தில்லியில் இது வண்டியில்லை,
இரும்பு.
“எண்பது நாளைக்கு எதுக்கு மேடம்?”
சொன்ன விலையை அவனே திரும்ப எடுத்துக்கொண்டான்.

எண்பது நாள் என்றால்
எண்பது காலை, எண்பது மாலை.
நான் தணிக்கைக்காரி.
தேய்மானம் போட்டுப் போட்டு
ஏட்டில் ஒரு ரூபாய்க்கு வந்துவிட்ட நாற்காலிகளில்
இன்னமும் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப்
பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவள்.

ஞாயிறு காலை மாயாபுரி.
கதவுகளை மட்டும் அடுக்கிவைத்த கடை.
எண்ணெய்க் கையால் சமோசா தின்றுகொண்டிருந்த பையன்
வலது பக்க மோட்டார் இல்லை என்றான்,
இடது இருக்கிறது.
ஏக் ஹீ பாத் ஹை.
இரண்டும் ஒன்றே என்று அவ்வளவு உறுதியாக
என்னிடம் யாரும் சொன்னதில்லை.
அறுநூறு கொடுத்தேன்.

கருவிகள்:
பத்தாம் நம்பர் ஸ்பேனர்,
கைப்பேசி டார்ச்,
கதவின் உள்தட்டை நெம்ப
தோசைத் திருப்பி.
ஒன்பது கிளிப்பில் ஐந்து தெறித்துப் போயின.
ஆறாவது எங்கே போனதென்று
இன்றுவரை தெரியாது.
தட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள்,
அதன் ஓரமெங்கும் கறுப்புப் பசை.
அந்தக் குளிர்காலம் முழுக்க
என் ஸ்வெட்டர் எதைத் தொட்டாலும் ஒட்டியது.

முதல் மாடியிலிருந்து துக்கல் சாகிப்,
குரங்குக் குல்லாவும் டீயுமாக,
“சின்ன விஷயம்தான்” என்றார்,
மூன்று மணி நேரமாக.

முழங்கை வரை கதவுக்குள் விட்டுத் துழாவினேன்.
பதினைந்து வருஷக் கார், ஏதாவது கிடைக்கும்,
ஒரு தோடு, ஒரு கடிதம் என்று நினைப்பீர்கள்.
தேதி அழிந்த பார்க்கிங் சீட்டு ஒன்று,
கொஞ்சம் துரு,
என் ரத்தம் இரண்டு சொட்டு.

இருட்டும் நேரத்தில் கண்ணாடி எழுந்தது.
திக்கித் திக்கி,
ரப்பரைக் கவ்விக்கொண்டு நின்றது.
துக்கல் சாகிப் கைதட்டினார்.
நான் அழுத்தியிருந்ததோ
கீழே இறக்கும் பட்டன்.

இரண்டு வயரை மாற்றிச் செருகினால் போதும்,
ஐந்து நிமிஷ வேலை.
மிச்சமிருந்த கிளிப்புகளை
மறுபடி எழுப்ப மனசு வரவில்லை.
ஏற்றுவதற்குக் கீழே, இறக்குவதற்கு மேலே.
ஒரு வாரத்தில் விரல் கற்றுக்கொண்டது.
மூடுபனிக்கு அது தெரியவா போகிறது.
காது வெதுவெதுப்பாக எழுபத்திரண்டு நாள் ஓட்டினேன்.

மார்ச்சில் கொக்கி வண்டியோடு வந்தவன்
சாவியைத் திருப்பி, பழக்கத்தில் பட்டனை அழுத்தினான்.
கண்ணாடி எதிர்த்திசையில் போனது.
“உல்டா” என்றேன்.
எதனால் என்று அவன் கேட்கவில்லை.
கேட்டால் சொல்வதற்கு
எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

ஏப்ரலில் ஒருநாள், அலுவலகத்து மஞ்சு கோக்கரின் புதுக்காரில்,
நேரு பிளேஸ் தாண்டும்போது புழுதிக்காற்று.
நான்தான் முதலில் பட்டனை அழுத்தினேன்.
பாதி திறந்திருந்தது முழுக்கத் திறந்து
மடியெல்லாம் மண், வேப்பஞ்சருகு, யாருடைய பில்லோ.
“என்னடி பண்றே” என்றாள் அவள் பாஷையில்.

நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.
அங்கே மோட்டார்
அதன் கதவில் இருந்தது.