முப்பது விநாடி

ஜூன் மாதம், காவேரிப்பட்டணம்,
ராத்திரி இரண்டே கால்.
பெங்களூரா ஏற்றிய லாரிகள்
கேட்டிலிருந்து புளியமரம் வரை
வால் நீட்டி நிற்கின்றன.

என் மேஜைமேல் ஓர் எஃகுத் தொட்டி.
முழ நீளம்கூட இல்லை.
ஒரு முனையில் மாங்கூழை நிரப்பித்
தாழைத் தட்டினால் கதவு எகிறும்.
முப்பது விநாடியில் எத்தனை சென்டிமீட்டர் ஊர்ந்தது,
அவ்வளவுதான் கேள்வி.

பதின்மூன்று.

"தண்ணி கலந்திருக்கீங்க"
என்கிறார் ஏஜெண்ட் வரதன்.
"ஒன்பதுக்கு மேல போனா எடுக்க மாட்டேன்."

அடர்த்திக் குப்பியைத் துடைத்தேன், நிரப்பினேன்,
தராசில் வைத்தேன்.
ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு.
நேற்றும் இதுதான். முந்தாநாளும்.

ஓடுகிறது என்பதால் இளைத்துவிட்டது என்று
யார் சொன்னது, சார்?
கடலை எண்ணெய் தண்ணீர்மேல் மிதக்கும்,
போசியைக் கவிழ்த்தாலும் இறங்க மனசு வராது அதற்கு.
போன மாதம் இங்கே தெர்மாமீட்டர் உடைந்தது.
இரும்பே மிதக்கும் கனம் பாதரசத்துக்கு;
பிடிப்பதற்குள் பீரோ அடியில் போய்விட்டது.

கூழ் இன்னும் ஐம்பது டிகிரியில் இருக்கிறது.
சூடு அதன் கனத்தில்
நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை.
தயக்கத்தைத்தான் தின்றிருக்கிறது.

"பாடம் எடுக்குது பாரு பொண்ணு" என்று
அவர் வாட்ச்மேனைப் பார்த்துச் சிரித்தார்.
தரை துடைத்துக்கொண்டிருந்த கெம்பம்மா
குச்சியை நிறுத்திவிட்டு
என் முகத்தைப் பார்த்தாள்.

என்ன சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை.
ஆறு சீசன், ராத்திரி ஷிஃப்ட், கையெழுத்து மட்டும் இன்னொருவருடையது,
எல்லாம் ஓடிற்று.
எதையும் தடுக்க முடியவில்லை.

"ஆறட்டும்" என்றார் கடைசியில்.
திம்மராயன் லாரிக்கு அடியில் துண்டை விரித்தான்.
காத்திருப்பு அவன் பேட்டாவில் சேராது.

ஆறே முக்காலுக்கு மறுபடி தாழைத் தட்டினேன்.
கூழ் கொஞ்சம் யோசித்தது, நகர்ந்தது,
எட்டரையைத் தாண்டி நின்றது.
குப்பியை யாரும் கேட்கவில்லை.
ஆனாலும் வைத்தேன்:
ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு, கடைசி எண்ணில் மட்டும் ஒரு சிறு ஏற்றம்.

வரதன் கையெழுத்துப் போட்டார்.
"தப்பா எடுத்துக்காதம்மா" என்றார்.

ராத்திரி அப்படி ஓடியதுதான்.
இப்போது தொண்டையைத் தாண்டி வரவில்லை.
நிறுத்துப் பார்த்தால்
அதே கனம்.