பதினோரு மீட்டர்

இருபத்தேழு அடி என்று சொல்லி விற்றான்.
முன்னால் துருத்தும் இரும்பையும்
பின்னால் தொங்கும் ஏணியையும்
சேர்த்து அளந்திருக்கிறான்.
மிச்சத்தில் வாழ்கிறோம்.
சிக்ஸ்டன் காலுறை மாட்டும்போது
நான் படுத்திருக்க வேண்டும்.
நான் காபி போட
அவன் படியேறி வெளியே நிற்க வேண்டும்,
மழையென்றாலும்.
கரண்டி இழுப்பறையைத் திறக்கக்
கழிவறைக் கதவைச் சாத்த வேண்டும்,
உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நவுவோ துறையில் கட்டிய முதல் இரவே
அவை ஏறிவிட்டன.
கட்டிய கயிறு வழியாக என்றான் அவன்.
காற்றில் நூல் விட்டு என்றேன் நான்.
ஜூலையின் ஒரு முழுக் காலை
இதற்கே போனது.

விடிந்ததும் தலையை வெளியே நீட்டுவேன்.
இமையில் ஒட்டும், உதட்டில் ஒட்டும்.
கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே,
சுக்கான் பிடியிலிருந்து
என் ஈரத் துண்டு வரைக்கும்
பனி கோத்த வலைகள்.
வெள்ளைத் தளமெங்கும்
மிளகைத் தட்டிப் போட்டதுபோல் எச்சம்.
புதினா எண்ணெய் தெளித்தோம்;
தலைவலி எங்களுக்குத்தான் வந்தது.
வினிகரில் துடைத்தோம்;
ஒரு வாரம் ஊறுகாய் ஜாடிக்குள் தூங்கினோம்.
பக்கத்துப் படகின் குன்வோர்
லாவெண்டர் பை ஒன்று தந்தாள்.
அதன் சுருக்கிலேயே
ஒன்று முட்டை வைத்தது.

ஒண்ட வந்த பிடாரி என்று திட்டலாம்தான்.
ஆனால் அவை எடுத்துக்கொண்டதெல்லாம்
நாங்கள் தொடாத மூலைகள்.
நாங்கள் தொடாத மூலை என்று
இந்தப் படகில் இத்தனை இருந்தது
எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஆகஸ்டில் மூன்று நாள் விடாத மழை.
எதற்குச் சண்டை போட்டோம் என்பது
மறந்துவிட்டது.
ஓர் ஈரக் காலுறை அதில் இருந்தது.
கோபித்துக்கொண்டு போக
ஒரு வாசல், மூன்று படி,
அப்புறம் கடல்.
ஆகவே அவன் முதுகைத் திருப்பிக்கொண்டான்.
அந்த முதுகும்
என் முழங்காலில் இடித்தது.

நான்காம் நாள் மழை விட்டுக்
காற்று எழுந்தது.
துறையின் கொடிகள் படபடக்கின்றன,
குன்வோரின் போர்வை பறந்து தண்ணீரில் விழுகிறது,
எங்கள் காற்றுமானி மட்டும்
பூஜ்யம் என்கிறது.
அண்ணாந்து பார்த்தோம்.
பாய்மர உச்சியில்
மூன்று குட்டிக் கிண்ணங்களும்
ஆணியடித்ததுபோல் நிற்கின்றன.

மூன்று நாளுக்குப் பிறகு முதல் பேச்சு:
"நீ சுற்று. நான் ஏறுகிறேன்."
தொங்கு இருக்கையில் அவனைக் கட்டி
வின்ச்சைச் சுற்றினேன்.
முதலில் அவன் முகம் போனது,
பிறகு இடுப்பு, பிறகு காலுறை.
கடைசியில்
செருப்பின் அடிப்பாகம் மட்டும் அவன்.

"மூன்றையும் சேர்த்துத் தைத்திருக்கிறது!"
மேலிருந்து கத்தினான்.
"உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறாள்!"
எப்போது அது 'அவள்' ஆனது
என்று நான் கேட்கவில்லை.

பதினோரு மீட்டர்.
மே மாதத்திலிருந்து
நாங்கள் இவ்வளவு தள்ளி இருந்ததில்லை.
கயிற்றை இரண்டு முறை பூட்டினேன்
(கொலைகாரியல்ல நான்),
கீழே போனேன்.
கதவு திறந்தே கிடக்க
இழுப்பறையைப் பாதி இழுத்தேன், கரண்டி வந்தது.
காலை நீட்டினேன், முழுதாக.
ஏலக்காய் மணக்கும் கடைசி பன்னின்
அவன் பாதியையும் தின்றேன்.

"மாரெத்."
வாயைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தேன்.
"இறக்கட்டுமா?"
வெகுநேரம் பதிலில்லை.
செருப்புகள் மெல்ல ஆடின,
ஊஞ்சலில் ஒரு பையனுடையவைபோல.
"கொஞ்சம் பொறு," என்றான்.
"இங்கே நல்ல இடம் இருக்கிறது."

இரண்டாவது கோப்பையும் குடித்தேன்.

இறங்கியபோது தொப்பியைக்
கிண்ணம்போல் இரு கையில் ஏந்தியிருந்தான்.
துறையின் மரக்கட்டை வரை நடந்துபோய்
அவளை இறக்கிவிட்டான்.
கொழுத்த உடம்பு, முதுகில் வெள்ளைச் சிலுவை.
அவள் சற்று யோசித்தாள்.
பிறகு எங்கள் படகைக் கட்டியிருந்த கயிற்றில் கால் வைத்து
நிதானமாகத் திரும்பி ஏறினாள்.

சிக்ஸ்டன் என்னைப் பார்த்தான்.
சரி, என்றேன்.
கயிறு வழியாகத்தான்.