ஒன்றா, இரண்டா

"ஒன்றா, இரண்டா, எது தெளிவு?"
ஒரு நாளைக்குப் பதினைந்து பேரிடமாவது கேட்கிறேன்.
பினாங்கு ஸ்திரீட்டில்
நகைக்கடைக்கும் மசாலா அரைக்கும் கடைக்கும் நடுவில்
என் இருட்டறை.
வந்தவர் தாடையைப் பதித்து, நெற்றியை ஒட்டி,
என்னைப் பார்க்காமல் என் குரலுக்குப் பதில் சொல்வார்.
இவ்வளவு நேர்மையாய் வேறெங்கும்
யாரும் எதையும் தேர்ந்தெடுத்து நான் கண்டதில்லை.

தவமலர் கோப்பிக்கடை ரசீதின் பின்பக்கம் பட்டியல் போட்டாள்:
உயரம் ஐந்தடி எட்டு. சிகரெட் கூடாது.
சொந்த வீடு, அதுவும் பாலத்துக்கு இந்தப் பக்கம்.
அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு போன், அவ்வளவுதான்.
கடைசி வரிக்கு அடிக்கோடு இரண்டு.
அப்புறம், ஐந்தடி நான்கில்,
பிறையில் வாடகை வீட்டில் இருக்கும்,
மாடிப்படியில் ஒளிந்து புகைக்கும்
ஒருவனைக் கட்டிக்கொண்டாள்.
ஏன்டி என்றேன்.
ஃபெரியிலிருந்து இறங்கும்போது பூனை வாலை மிதித்துவிட்டான்,
குனிந்து அதனிடம் மன்னிப்புக் கேட்டான்,
மலாயில்.
இந்த ஊர்ப் பூனைக்கு அதுதான் புரியுமாம்.

பட்டியலில் பூனை எங்கேயும் இல்லை.

என் பட்டியல் ஒரே வரி: பேசுகிறவன்.
அப்பா ஈப்போவுக்கு லாரி ஓட்டினார்.
இரவு பதினொன்றுக்குக் கீழே எஞ்சின் அணையும்.
கதவு திறக்காது.
பத்து நிமிடம், சில நாள் இருபது,
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருட்டில் உட்கார்ந்திருப்பார்.
ஜெலுத்தோங் அடுக்குமாடி, இரண்டாம் மாடி ஜன்னல்,
நான் எண்ணிக்கொண்டிருப்பேன்,
அறுநூறு, அறுநூற்றொன்று.
மேலே வந்தால் சோறு, தண்ணீர், தூக்கம்.

ஆகவே வாயாடிகளாகத் தேடினேன்.
முதலாமவனிடம் ஜார்ஜ்டவுனின் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு கதை.
இரண்டாமவன் காப்புறுதி விற்பவன், கேட்கவே வேண்டாம்.
சிரித்தேன், சாப்பிட்டேன், கெர்னி கடலோரம் நடந்தேன்.
ஒரு நாள், என்ன காரணமோ,
முதலாமவன் ஜன்னல் பக்கம் திரும்பி மௌனமானான்.
அப்போதுதான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது,
முதல்முறையாக.
மறுநாள் பேச்சு திரும்பியது, அது போய்விட்டது.
இரண்டாமவனிடமும் அதே கதை.
எனக்கு வேண்டியது பேச்சு இல்லை போலிருக்கிறது.
திறக்காத கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணுவது,
அதில்தான் என் தேர்ச்சி.

போன மாதம் குணாளன் என்று ஒருவர்,
துறைமுகத்தில் கணக்கர்.
"ஒன்றா, இரண்டா?"
வெகுநேரம் கழித்து,
"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."
இதைச் சொல்லப் பலருக்கு வெட்கம்,
ஏதோ ஒன்றைச் சொல்லித் தப்பிப்பார்கள்.
குறித்துக்கொண்டேன்,
எண்ணை மட்டும்தான்.

இன்று திரும்பி வந்தார்.
புதுக் கண்ணாடியில் தரை மேடாகத் தெரிகிறதாம்.
பழக இரண்டு வாரம் ஆகும் என்றேன்,
அடம்பிடிப்பது கண் அல்ல, மூளை,
தப்பாகப் பார்த்துப் பழகியதை அது லேசில் விடாது.
எல்லோருக்கும் சொல்வதுதான்.
தலையாட்டினார், ஒரு வார்த்தை இல்லை.
ஐந்தடி நடைபாதையில்
இல்லாத ஒரு படிக்குக் காலைத் தூக்கி வைத்துப் போனார்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்.
எதிரே அவருடைய கார்.
எஞ்சின் அணைந்திருக்கிறது, ஆள் உள்ளே.
கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாரோ,
யாருக்காவது போன் பேசுகிறாரோ.
வேண்டாம், வீட்டுக்குப் போ என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முப்பத்தேழு.
முப்பத்தெட்டு.